நிக்ஸி கடிகாரம் எரியவில்லையா? மீட்டர் காட்டும் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

போன மாம்பழ சீசனில் பர்கூர் பக்கமிருந்து பொறியியல் படிக்கும் ஒரு தம்பி செருப்பு அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். "அண்ணா, மூணாவது மாஸ்ஃபெட்டும் போயிடுச்சு" என்றார். மாஸ்ஃபெட் என்பது கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச் போன்ற பாகம். பெட்டிக்குள் பஞ்சில் பொதிந்த ஆறு ஐஎன்-14 நிக்ஸி குழாய்கள், அதாவது உள்ளே எண் ஒளிரும் கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. கூடவே அவரே ஈயம் வைத்துச் செய்த சின்ன பவர் சப்ளை போர்டு. கை சுத்தமான கை, ஈயம் எல்லாம் பளபளவென்று இருந்தது. ஆனால் மூன்று முறை மாஸ்ஃபெட் மாற்றியவர், அவுட்புட்டில் எத்தனை வோல்ட் வருகிறது என்று ஒரு முறைகூட அளக்கவில்லை.

கிருஷ்ணகிரியில் டிவியும் யுபிஎஸ்ஸும் பழுது பார்ப்பது என் பிழைப்பு. நிக்ஸி கடிகாரம் செய்வது ஆசைக்கு. அந்தத் தம்பியைப் போல முதல் கடிகாரத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தச் சர்க்யூட்டில் அவுட்புட்டில் மீட்டர் காட்டும் எண்ணே பாதிப் பழுதைச் சொல்லிவிடும். 0 காட்டினால் ஒரு இடம், 11.4 காட்டினால் வேறு இடம், 300 காட்டினால் இன்னொரு இடம். கருகிய பாகத்தைக் கழற்றும் முன் அந்த எண்ணைப் படித்துவிட வேண்டும். கருகியது பெரும்பாலும் பழி சுமந்த பாகம். குற்றவாளி வேறு எங்கோ நல்ல பிள்ளை போல உட்கார்ந்திருக்கும்.

குழாய்க்கு 180 வோல்ட் எங்கிருந்து வருகிறது

வீட்டில் கிடக்கும் டெஸ்டருக்குள் ஆரஞ்சு நிறத்தில் எரியும் சின்ன நியான் பல்பு இருக்கிறதல்லவா, நிக்ஸி குழாய் அதன் பெரியப்பா. அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே நியான் வாயு, முன்னால் ஒரு வலை, பின்னால் 0 முதல் 9 வரை எண் வடிவில் வளைத்த கம்பிகள் அடுக்கடுக்காக. வலைக்குப் பாசிட்டிவ், வேண்டிய எண்ணுக்கு நெகட்டிவ் கொடுத்தால் அந்தக் கம்பியைச் சுற்றி ஒளி படரும். இழை கிடையாது, சூடேற வேண்டியதில்லை. ஆனால் வாயு பற்றிக்கொள்ள 170 வோல்ட் அளவு வேண்டும். பற்றிய பின் குழாயின் குறுக்கே 140 வோல்ட் போல நிற்கும். ஐஎன்-14-க்கு ஒரு எண்ணுக்கு 2.5 மில்லி ஆம்பியர் போதும்.

12 வோல்ட் அடாப்டரிலிருந்து 180 வோல்ட் எடுப்பதற்கு பூஸ்ட் கன்வெர்ட்டர் என்று பெயர். நம் ஊரில் இதைப் புரியவைக்க போர்வெல் போதும். பைப்பில் தண்ணீர் வேகமாக ஓடும்போது வால்வைச் சட்டென்று மூடினால் பைப் "டம்" என்று அதிரும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நிற்க மறுத்து முட்டுகிற அழுத்தம் அது. காயிலில் கரண்டும் அப்படித்தான். மாஸ்ஃபெட் ஆன் ஆனால் 12 வோல்ட்டிலிருந்து காயில் வழியாகக் கரண்ட் ஏறும். ஆஃப் ஆனதும் நிற்க மறுத்து வோல்ட்டேஜாக எகிறும். அந்த எகிறலை மேல்நிலைத் தொட்டிக்கு விட்டு, திரும்பி வராமல் தடுக்கும் என்ஆர்வி வால்வுதான் டையோடு, தொட்டிதான் அவுட்புட் கன்டென்சர். தொட்டி நிறைந்ததா என்று பார்த்து மோட்டாரை நிறுத்தும் ஆள், ஃபீட்பேக் ரெசிஸ்டன்ஸ் இரண்டும் ஐசியும். இந்த வேலை நொடிக்குப் பல பத்தாயிரம் முறை நடக்கிறது.

கீழே நான் எடுத்துக்கொள்வது எம்சி34063 ஐசி, ஐஆர்எஃப்740 மாஸ்ஃபெட், 100 மைக்ரோ ஹென்றி காயில், 4.7 மைக்ரோ ஃபாரட் 250 வோல்ட் கன்டென்சர் உள்ள சர்க்யூட். நம் பக்கம் அதிகம் பேர் செய்வது இதுதான். 555, மேக்ஸ்1771 போன்ற வேறு ஐசி வைத்தது என்றால் கால் எண்கள் மாறும், யோசனை மாறாது.

கை வைப்பதற்கு முன்

180 வோல்ட் டிசி விளையாட்டு இல்லை. செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். அளக்கும்போது ஒரு கையைப் பாக்கெட்டில் வையுங்கள். மீட்டரின் கறுப்பு ஒயரை முதலை கிளிப்பால் கிரவுண்டில் மாட்டிவிட்டால், சிவப்பை மட்டும் ஒற்றைக் கையால் பிடித்தால் போதும்.

டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். வீட்டு லைனில் டெஸ்டர் எரிவது, நம் உடம்பு வழியாகப் பூமிக்கு வழி கிடைப்பதால். அடாப்டருக்குப் பின்னால் உள்ள இந்த 180 வோல்ட்டுக்குப் பூமியோடு நேர்த் தொடர்பு இல்லை. டெஸ்டரை வைத்தால் எரியாமலே இருக்கலாம். "டெஸ்டர் எரியல, கரண்ட் இல்ல" என்று இரண்டு கைகளாலும் போர்டைப் பிடித்தால் வழி உங்கள் நெஞ்சுக்குக் குறுக்கே கிடைத்துவிடும்.

அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சரில் சார்ஜ் இருக்கும். நல்ல போர்டில் ஃபீட்பேக் ரெசிஸ்டன்ஸ் வழியாக அது மெல்ல வடியும். 1.4 மெகா ஓமும் 4.7 மைக்ரோ ஃபாரடும் என்றால், இந்தச் சர்க்யூட்டின் அவுட்புட்டான 178 வோல்ட் 66-க்கு இறங்கவே ஆறரை நொடி ஆகும். அந்த ரெசிஸ்டன்ஸே ஓப்பன் ஆகியிருந்தால், அதாவது உள்ளே அறுந்திருந்தால், வடிய வழியே இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் 10 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டன்ஸை இரண்டு கிளிப் ஒயருக்கு நடுவில் வைத்து கன்டென்சருக்குக் குறுக்கே ஒரு நொடி தொட்டு இறக்குங்கள். பிறகு மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பார்த்த பின்தான் கை. ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் பண்ணி "படக்" என்று இறக்குவது சிலருக்கு வழக்கம். கன்டென்சருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். டிசியில் 600 வோல்ட் வரை அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர். 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 10 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று. அப்புறம் 47 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டன்ஸ் நான்கு. நான்கையும் பேரலலில் முறுக்கினால் 12 கிலோ ஓமுக்குப் பக்கம் வரும். 178 வோல்ட்டில் 15 மில்லி ஆம்பியர் இழுக்கும், அதாவது ஆறு குழாய் இழுப்பதற்குச் சமம். குழாய்க்குப் பதில் இதை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். ஐஎன்-14 இப்போது யாரும் தயாரிப்பதில்லை. ரெசிஸ்டன்ஸ் கருகினால் மனசு வலிக்காது.

முதல் வேலை: பிரித்து வையுங்கள், பல்பைச் சேருங்கள்

பவர் சப்ளையிலிருந்து குழாய்களுக்குப் போகும் ஒற்றை ஒயரைக் கழற்றி விடுங்கள். பழுது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது தெரியாமல் இரண்டையும் சேர்த்துத் தேடினால் ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான்.

டிவி மெக்கானிக் கடைகளில் சீரீஸ் பல்பு போர்டு பார்த்திருப்பீர்கள். சந்தேகமான செட்டை நேராக லைனில் போடாமல், ஒரு குண்டு பல்பு வழியாகப் போடுவார்கள். அதே வித்தையை 12 வோல்ட்டில் செய்கிறோம். அடாப்டர் பாசிட்டிவுக்கும் போர்டுக்கும் நடுவில் இண்டிகேட்டர் பல்பு. போர்டு நன்றாக இருந்தால் பல்பு ஒரு கணம் மினுக்கிவிட்டு அணையும், அல்லது லேசாகச் சிவந்து நிற்கும். உள்ளே ஷார்ட் என்றால் பல்பு பளிச்சென்று எரியும், போர்டில் எதுவும் கருகாது. பத்து இருபது ரூபாய் பல்பு எத்தனையோ மாஸ்ஃபெட்டைக் காப்பாற்றும்.

இப்போது மீட்டரை 600 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு கிளிப்பையும் அவுட்புட்டில் மாட்டிவிட்டு, கையை எடுத்துவிட்டு, அதன் பிறகு அடாப்டரைச் சொருகுங்கள். எண்ணைப் பாருங்கள். 200-ஐத் தாண்டி ஏறினால் அந்த நொடியே பிடுங்கிவிட்டு, பின்னால் வரும் 300 வோல்ட் பகுதிக்குப் போய்விடுங்கள்.

மீட்டர் 0 காட்டினால்

பல்பைப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் மாஸ்ஃபெட் ஷார்ட், அல்லது அவுட்புட் பக்கம் ஷார்ட். காயிலும் மாஸ்ஃபெட்டின் டிரெயினும் (கரண்ட் நுழையும் கால்) சேரும் இடத்தில் அளந்தால் பிரிந்துவிடும். அங்கேயும் கிட்டத்தட்ட 0 என்றால் மாஸ்ஃபெட். அரை வோல்ட்டுக்கு மேல் ஏதோ நின்றால் டையோடுக்கு அப்பால் கன்டென்சர் ஷார்ட்டாகி இழுக்கிறது.

பல்பு பளிச்சென்று எரியவில்லை, டிரெயினில் 12 இருக்கிறது, அவுட்புட்டில் 0 என்றால் டையோடு ஓப்பன். டிரெயினிலும் 0 என்றால் காயில் அறுந்திருக்கும், அல்லது காயிலின் காலில் டிரை சோல்டர். காயில் கம்பியின் மேல் உள்ள வார்னிஷைச் சரியாகச் சுரண்டாமல் ஈயம் வைத்தால், பார்க்க ஒட்டியது போலவே இருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது.

மாஸ்ஃபெட்டைச் சோதிப்பது எளிது. கழற்றி, மூன்று காலையும் ஒரு முறை ஒன்றாகத் தொடவைத்து, மீட்டரை டையோடு ரேஞ்சில் வையுங்கள். டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் (கரண்ட் வெளியேறும் கால்) நடுவில் ஒரு பக்கம் 0.5 போலக் காட்ட வேண்டும், ஒயரை மாற்றினால் ஓப்பன். இரண்டு பக்கமும் பீப் அடித்தால் போய்விட்டது.

மீட்டர் 11.4 காட்டினால்

புதிதாகச் செய்கிறவர்களுக்கு அதிகம் வருவது இந்த எண். இது நல்ல சேதி. காயில் சரி, டையோடு சரி, ஷார்ட் இல்லை. 12 வோல்ட் காயில் வழியாக, டையோடு வழியாக, அதில் அரை வோல்ட் சொச்சம் இழந்து நேராக வந்து நிற்கிறது. யாரும் வால்வைத் திறந்து மூடவில்லை, அவ்வளவுதான்.

ஐசியின் 6-ஆம் காலில் 12 வோல்ட் வருகிறதா, 4-ஆம் கால் கிரவுண்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐசி பேஸில் ஒரு கால் மடங்கி உள்ளே போயிருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் தெரியாது, சாய்த்துப் பார்க்க வேண்டும். அடுத்தது 3-ஆம் காலில் உள்ள சின்ன டைமிங் கன்டென்சர். அது விட்டுப்போனால் ஐசிக்குத் தாளம் இல்லை.

இதெல்லாம் சரி என்றால் 5-ஆம் கால். ஐசி தொட்டி நிறைந்ததா என்று பார்க்கும் கால் அது. அங்கே 1.25 வோல்ட் வந்துவிட்டால் "போதும்" என்று ஐசி நிறுத்திவிடும். அவுட்புட்டிலிருந்து இந்தக் காலுக்கு வருவது மேல்ப்பக்க ஃபீட்பேக் ரெசிஸ்டன்ஸ், இங்கிருந்து கிரவுண்டுக்குப் போவது கீழ்ப்பக்க ரெசிஸ்டன்ஸ். கீழ்ப்பக்க ரெசிஸ்டன்ஸ் ஓப்பன் ஆனால், அவுட்புட்டில் இருக்கும் 11.4 வோல்ட் மேல்ப்பக்க ரெசிஸ்டன்ஸ் வழியாக அப்படியே 5-ஆம் காலுக்கு வரும். தொட்டி நிரம்பி வழிகிறது என்று ஏமாந்து ஐசி சும்மா இருக்கும். 5-ஆம் காலில் 1.25-க்கு மேல் இருந்தால் ஐசியைக் குற்றம் சொல்லாதீர்கள்.

ஆஸிலோஸ்கோப் இல்லாமல் ஐசி துடிக்கிறதா என்று அறிய ஒரு பழைய வழி உண்டு. பாக்கெட் ரேடியோவை மீடியம் வேவில், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து போர்டுக்கு அருகே கொண்டுவாருங்கள். ஐசி வேலை செய்தால் ரேடியோ "கொர்ர்" என்று இரையும். தாத்தா வீட்டுப் பரணில் ரேடியோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ரேடியோ இரைந்தும் 11.4-தான் என்றால், துடிப்பு மாஸ்ஃபெட்டின் கேட் (அதை ஆன்-ஆஃப் செய்யும் கால்) வரை போகவில்லை, அல்லது மாஸ்ஃபெட்டே ஓப்பன்.

சும்மா இருந்தால் 178, லோடு வைத்தால் 118

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று படியுங்கள். ஆள் குழம்புவது இங்கேதான். எல்லாப் பாகமும் உயிரோடு இருக்கும், ஆனால் குழாய் மங்கலாக எரியும், அல்லது ஆறில் நான்குதான் பற்றும்.

லோடு சோதனைக்கு சீரீஸ் பல்பைக் கழற்றிவிட்டு நேராக 12 வோல்ட் கொடுங்கள். 47 கிலோ ஓம் கொத்தை அவுட்புட்டில் மாட்டுங்கள். முதலில் அவுட்புட்டை விட்டுவிட்டு, ஐசியின் 6-ஆம் காலில் இன்புட்டை அளக்க வேண்டும். லேபிளில் 12 வோல்ட் 1 ஆம்பியர் என்று போட்டிருந்த அடாப்டர் லோடில் 8-க்கு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். நூல் போன்ற ஒயரும் லூசான டிசி ஜாக்கும் அதே வேலையைச் செய்யும். இன்புட் பக்கம் 470 அல்லது 1000 மைக்ரோ ஃபாரட் கன்டென்சர் ஒன்று போர்டிலேயே, காயிலுக்கு அருகே இருக்க வேண்டும்.

இன்புட் 12-இல் அசையாமல் நிற்கிறது, அவுட்புட் மட்டும் விழுகிறது என்றால் காயிலையும் டையோடையும் சந்தேகப்படுங்கள். கணக்கு ஒன்று சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 15 மில்லி ஆம்பியர், 180 வோல்ட் என்றால் 2.7 வாட். வீணாவதையும் சேர்த்து அடாப்டரிலிருந்து 3.4 வாட் போல வரும், அதாவது 0.28 ஆம்பியர். இதைப் பார்த்து "அரை ஆம்பியர் காயில் போதுமே" என்று தோன்றும். போதாது. 0.28 என்பது சராசரி. 50 கிலோ ஹெர்ட்ஸில் ஓடும் 100 மைக்ரோ ஹென்றி காயிலில் ஒவ்வொரு துடிப்பிலும் கரண்ட் 1.2 ஆம்பியர் வரை ஏறி இறங்குகிறது. ரெசிஸ்டன்ஸ் போலவே இருக்கும் பச்சை நிறக் குட்டிக் காயிலைப் போட்டால், அதன் உள்ளிருக்கும் ஃபெரைட் (காந்தத்தைத் தாங்கும் உள்தண்டு) பாதி வழியிலேயே நிறைந்துவிடும். அதற்குப் பிறகு அது காயில் இல்லை, வெறும் ஒயர். கரண்ட் வீணாக எகிறும், மாஸ்ஃபெட் சுடும், அவுட்புட் ஏறாது. காயில் வாங்கும்போது மைக்ரோ ஹென்றியோடு நிறுத்தாமல், எத்தனை ஆம்பியர் வரை நிறையாமல் தாங்கும் என்றும் கேளுங்கள். 2 ஆம்பியருக்கு மேல் இருந்தால் நிம்மதி.

டையோடு கதை இன்னும் நுணுக்கமானது. காயில் கரண்ட் ஏற இந்தச் சர்க்யூட்டில் 10 மைக்ரோ நொடி ஆகிறது. ஆனால் 180 வோல்ட்டை எதிர்த்து இறங்குவதற்கு ஒரு மைக்ரோ நொடிகூட ஆவதில்லை, 0.7-தான். டையோடு அந்த இடைவெளிக்குள் திறந்து, மூடியும் ஆக வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்கும் 1என்4007 மூடுவதற்கே மைக்ரோ நொடிக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். 1000 வோல்ட் தாங்கும், நல்ல டையோடுதான், ஆனால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்குப் பிறந்தது. மெதுவாக மூடும் என்ஆர்வி போல, தொட்டிக்கு ஏற்றியதில் ஒரு பங்கைத் திரும்பக் கீழே விட்டுவிடும்.

ஓசூரிலிருந்து ஒரு நண்பர் கொண்டுவந்த கடிகாரத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. போர்டு முழுக்க ஈயம் பளபளக்க, டையோடின் இரண்டு காலடியில் மட்டும் ஈயம் மங்கிச் சாம்பல் நிறமாக, மேலே நுண்ணிய வளையம் வளையமாக விரிசல். சூட்டில் வெந்து வெந்து ஆறிய ஈயம் அப்படித்தான் இருக்கும். லோடில் 118 வோல்ட் காட்டியது. அதைக் கழற்றி யுஎஃப்4007 போட்டேன். அது 75 நானோ நொடியில் மூடும். வேறு எதையும் தொடவில்லை, 176-இல் போய் நின்றது. யுஎஃப்4004-உம் நன்றாக இருக்கும், 50 நானோ நொடி. பழைய டிவி கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் எஃப்ஆர்107 நடுத்தரம். அவசரத்துக்கு ஓடும், கொஞ்சம் சுடும்.

டையோடு, காயில் இரண்டும் சரியாக இருந்து மாஸ்ஃபெட் மட்டும் கொதித்தால் கேட்டைப் பாருங்கள். எம்சி34063 கேட்டை மேலே தூக்கிவிடும், கீழே இழுக்கும் வலு அதற்கு இல்லை. வெறும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் மட்டும் கீழே இழுத்தால் மாஸ்ஃபெட் நிதானமாக மூடும், அந்த நிதானம் முழுவதும் சூடாகிறது. ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டரும் ஒரு சின்ன டையோடும் சேர்த்து கேட்டைச் சட்டென்று இறக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். இருந்தும் சுட்டால் அந்த டிரான்சிஸ்டரைச் சோதியுங்கள்.

178 அசையாமல் நிற்கிறது, குழாய் மட்டும் எரியவில்லை

லோடிலும் 170-க்குக் குறையவில்லை என்றால் பவர் சப்ளையை விட்டுவிடுங்கள். பழுது அந்தப் பக்கம். ஒரு குழாய் மட்டும் இருட்டு என்றால் அதன் ஆனோடு ரெசிஸ்டன்ஸை, அதாவது வலைக்குப் போகும் வழியில் உள்ளதைப் பாருங்கள். 180-இல் 140 போக மிச்சம் 40 வோல்ட், 2.5 மில்லி ஆம்பியருக்கு 16 கிலோ ஓம் சுமார். ஒரு எண் மட்டும் வரவில்லை என்றால் எந்த எண் எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கே155ஐடி1 டிரைவர் ஐசியின் கால் அல்லது குழாயின் கால். எண்ணில் ஒரு துண்டு மட்டும் இருண்டிருந்தால் அது குழாயின் உள்நோய், நெடுநாள் எரியாத கம்பியில் படியும் அழுக்கு. அந்த எண்ணை மட்டும் சில மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டால் பல சமயம் தெளியும். எதற்காகவும் வோல்ட்டேஜை 200-க்கு மேல் ஏற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

300 காட்டினால்

செருப்புப் பெட்டித் தம்பியின் கதை இதுதான். சீரீஸ் பல்பில் போட்டு, புது மாஸ்ஃபெட் வைத்து, மீட்டரை மாட்டி ஆன் செய்தேன். 90, 150, 178, நிற்கவில்லை. 240 தாண்டும்போது பிடுங்கிவிட்டேன். அவர் முகம் மாறியது. அதுவரை மாஸ்ஃபெட் மட்டம் என்று நினைத்திருந்தார். கன்டென்சரை இறக்கிவிட்டுத் தடவிப் பார்த்தால், 250 வோல்ட் கன்டென்சரின் தலை லேசாக உப்பியிருந்தது.

மேல்ப்பக்க ஃபீட்பேக் ரெசிஸ்டன்ஸ் ஒற்றை 1.5 மெகா ஓம், கால் வாட். பழுப்பு, பச்சை, பச்சை வளையம் அழகாகத் தெரிந்தது, கருகல் இல்லை, கீறல் இல்லை. மீட்டரை வைத்தால் ஓப்பன். அவ்வளவுதான் விஷயம். அந்த ரெசிஸ்டன்ஸ் அறுந்ததும் 5-ஆம் காலுக்குச் சேதி வராது. தொட்டி காலி என்றே நினைத்து ஐசி அடித்துக்கொண்டே இருக்கும். கன்டென்சர் உப்பும், ஐஆர்எஃப்740-இன் எல்லையான 400 வோல்ட் வரை போய் மாஸ்ஃபெட் உயிரை விடும். மூன்று மாஸ்ஃபெட்டும் இப்படித்தான் போயின.

கால் வாட் ரெசிஸ்டன்ஸ் பொதுவாக 250 வோல்ட்தான் தாங்கும். 180 என்பது எல்லைக்குள் என்றாலும் வருடக் கணக்கில் அதே சுமை என்றால் நம்ப முடியாது. அதனால் மேலே 470 கிலோ ஓம் மூன்றை வரிசையாகப் போடுங்கள். ஒவ்வொன்றின் மேலும் 59 வோல்ட்தான் விழும். கீழே 10 கிலோ ஓம் வைத்தால் கணக்கு 1.25 பெருக்கல் 142, அதாவது 177.5 வோல்ட், நமக்கு வேண்டிய அதே எண்.

போர்டிலேயே வைத்து ஓம் அளக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். பக்கத்துப் பாகங்கள் வழியாகவும் கரண்ட் ஓடுவதால் மீட்டர் குறைவாகக் காட்டலாம், அதை நம்பி முடிவு செய்ய வேண்டாம். ஆனால் எழுதியிருப்பதைவிட அதிகமாகக் காட்டினால் அந்த ரெசிஸ்டன்ஸ் நிச்சயம் கெட்டது. கழற்றவே வேண்டியதில்லை.

வோல்ட்டேஜை அட்ஜஸ்ட் செய்ய ப்ரீசெட் (திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டன்ஸ்) வைப்பவர்கள் அதைக் கீழ்ப்பக்கம் வையுங்கள். ப்ரீசெட்டின் நடுக்கால் தொடர்பு விட்டுப்போவது சாதாரணம். கீழ்ப்பக்கம் விட்டுப்போனால் ஐசி நின்று 11.4-க்கு வந்துவிடும், யாருக்கும் சேதம் இல்லை. மேல்ப்பக்கம் விட்டுப்போனால் 400-க்கு ஓடும். 9.1 கிலோ ஓம் நிலையாக, அதோடு 2 கிலோ ஓம் ப்ரீசெட் வரிசையில் வைத்தால் 160 முதல் 195 வரை நகரும். எந்தப் பக்கம் கடைசி வரை திருப்பினாலும் ஆபத்து இல்லை.

மாற்றிய பிறகு

மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால் ஐசியையும், கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று ஐசிக்குக் காட்டும் கரண்ட் சென்ஸ் ரெசிஸ்டன்ஸையும் சோதிக்காமல் புதியதைப் போடாதீர்கள். 7-ஆம் காலில் உள்ள 0.22 ஓம் அல்லது 0.33 ஓம் ரெசிஸ்டன்ஸ் கூடவே அறுந்திருக்கும். உப்பிய கன்டென்சர் இன்னும் வேலை செய்கிறது என்று விட்டுவைக்கவும் கூடாது. புதிதாகப் போடுவது 105 டிகிரி என்று எழுதியதாக இருக்கட்டும். 10 டிகிரி சூடு குறைந்தால் எலக்ட்ரோலிட்டிக் கன்டென்சரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் ஷீட் போட்ட நம் வீடுகளில், மூடிய மரப்பெட்டிக்குள் அது எவ்வளவு சுடும் என்று நினைத்துப் பாருங்கள். பாகங்கள் இங்கே கிடைக்காவிட்டால் பெங்களூரு எஸ்பி ரோடு, அதைவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். நல்ல காயிலுக்கு நான் எஸ்பி ரோடுதான் போகிறேன், காலையில் கிளம்பினால் சாயங்காலம் வந்துவிடலாம்.

ஈயம் வைத்து முடித்ததும் 470 கிலோ ஓம் மூன்றும் இருக்கும் இடத்தைப் பழைய டூத் பிரஷ்ஷும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கொண்டு தேயுங்கள். ஈயம் வைக்கப் பயன்படுத்திய பேஸ்ட்டின் பிசுக்கு ஈரத்தை இழுத்துக்கொண்டால் அதுவே மெகா ஓம் கணக்கில் ஒரு ரெசிஸ்டன்ஸ் ஆகிவிடும். ஐப்பசி மழையில் மட்டும் வோல்ட்டேஜ் இறங்கும் கடிகாரம் என்றால் நான் முதலில் தேடுவது பிரஷ்ஷைத்தான்.

அப்புறம் அதே வரிசை. பல்போடு ஒரு முறை, 178-இல் நிற்கிறதா பாருங்கள். பல்பைக் கழற்றி, 47 கிலோ ஓம் கொத்தோடு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பிடுங்கி, கன்டென்சரை இறக்கி, மீட்டரில் உறுதி செய்துவிட்டு மாஸ்ஃபெட், காயில், டையோடு மூன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, விரல் வைக்க முடியாத சூடு கூடாது. பிறகு பெட்டியை மூடி நான்கு மணி நேரம். அதிலும் 170-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் குழாய்களை மாட்டலாம்.

மாட்டியதும் அவுட்புட் வோல்ட், அடாப்டர் இழுக்கும் ஆம்பியர், அன்றைய தேதி மூன்றையும் மார்க்கரால் பெட்டியின் உள்மூடியில் எழுதி வையுங்கள். அந்தத் தம்பியின் மூடியில் 177 வோல்ட், 0.29 ஆம்பியர் என்று அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். அடுத்து எப்போது திறந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான்.